பெரம்பூர்: நம்மை ஆளாக்கிய ஊர்

(நமது பங்கின் பொன்விழாத் தொடக்க நாளன்று மாலை, கோயில் வளாகத்தில் நடைபெற்ற கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா என்றால் கோயிலின் வரலாற்றைப் பேசுவது வழக்கம். எந்தச் சாமியார் காலத்தில் ஓட்டுக் கூரை மாறிக் கான்கிரீட் தளம் வந்தது, எந்தச் சாமியார் மணிக்கூண்டு எழுப்பினார், கெபி கட்ட யார் செங்கல் தந்தார் என்பனவெல்லாம் இம்மலரின் மற்றப் பக்கங்களில் விரிவாக வந்துள்ளன. ஆகவே நாம் இன்று கோயிலைப் பற்றிப் பேசப்போவதில்லை. கோயில் நிற்கும் ஊரைப் பற்றிப் பேச விரும்புகிறோம். ஊர் முதலில் இருந்தது. கோயில் பிறகு வந்தது. ஊரை அறியாதவன் தன் கோயிலையும் முழுதும் அறியான்.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை நமது பங்குப் பேரவை ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எதைப் பற்றிய முடிவு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதை இறுதியில் சொல்வோம்.

நாம் பிறந்தது பெரம்பூரில் அன்று. அரக்கோணத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர் நமது சொந்த ஊர். பூந்தமல்லி குருமடத்தில் பயின்ற 1990-களில், சென்ட்ரலில் ரயிலேறி ஊருக்குச் செல்லும்போதெல்லாம் ஒன்றைக் கண்டு வியப்போம். வியாசர்பாடி ஜீவா கழிந்ததும் பெரம்பூர் வரும். இறங்குவோர் இறங்குவர். வண்டி புறப்பட்டுச் சற்று நேரத்தில் மறுபடி ஒரு பெரம்பூர் வரும்: பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ். மூன்றாவதாகவும் ஒன்று: பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஓர் ஊருக்கு மூன்று நிலையங்கள். அவற்றுள் இரண்டுக்குத் தொழிற்சாலையின் பெயர். கோயிலின் பெயரால் ஊர்கள் உண்டு. குளத்தின் பெயரால் உண்டு. மன்னனின் பெயரால் உண்டு. உழைப்பின் பெயரைப் பலகையில் எழுதி வைத்துக்கொண்ட ஊர் இது. அதனுள் ஒருநாள் பங்குத் தந்தையாக வந்து சேருவோம் என்று அன்று நாம் நினைக்கவில்லை.

பெயரும் பிறப்பும்

பிரம்பு மிகுந்த ஊர் பெரம்பூர் ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று ஒரு பிரம்புச் செடியைக் காட்டுங்கள் என்றால் நாற்காலி பின்னும் கடைக்குத்தான் அழைத்துப் போக வேண்டும். ஆனால் இது சென்னை மாநகரின் வயதையொத்த பழைய கிராமங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. 1639-இல் ஆங்கிலக் கும்பினியார் கடற்கரையோரம் இடம்பெற்றுக் கோட்டை எழுப்பினர். அதன்பின் ஒவ்வொரு கிராமமாகச் சுற்றுப்புறம் அவர்கள் கைக்குப் போயிற்று. 1742-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாபின் அரசு 5 ஊர்களைக் கும்பினிக்கு அளித்தது. வேப்பேரி, பெரம்பூர், புதுப்பாக்கம், எர்ணாவூர், சடையன்குப்பம் என்பன அவை. அந்த ஊர்களில் வாழ்ந்தோரைக் கேட்டு யாரும் கொடுக்கவில்லை. ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த ஊர், ஒரு கையெழுத்தில் வேறொருவரின் உடைமையாயிற்று.

பிறகு படை வந்தது. பெரம்பூர் பேரக்ஸ் சாலை என்றும் பட்டாளம் என்றும் இன்றும் வழங்கும் பெயர்கள் அந்நாளின் எச்சங்களே. படைவீரர் போய்விட்டனர், பெயர் மட்டும் பேருந்துப் பலகையில் நிற்கிறது.

இரும்பும் பஞ்சும்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை பொதுமக்களுக்காக ஓடியது. அந்தப் பாதை நமது ஊர் வழியாகவே சென்றது. ரயில் ஓடினால் மட்டும் போதுமா? பெட்டிகளைப் பழுதுபார்க்க வேண்டும், சக்கரம் கடைய வேண்டும், அச்சு மாற்ற வேண்டும். அதற்கான பட்டறை அதே 1856-இல் பெரம்பூரில் தொடங்கிற்று. மதராஸ் ரயில்வே கம்பெனி போயிற்று. 1908-இல் மதராஸ் தென் மராட்டா ரயில்வே வந்தது. 1951-இல் தெற்கு ரயில்வே பிறந்தது. முதலாளிகள் மாறினர். பட்டறையில் சம்மட்டி ஓசை மாறவில்லை.

இரும்பைத் தொடர்ந்து பஞ்சு வந்தது. 1870-களில் பக்கிங்காம் மில்லும், 1880-களின் தொடக்கத்தில் கர்நாட்டிக் மில்லும் எழுந்தன. 1920-இல் இரண்டும் ஒன்றாக இணைந்தன. பின்னி கம்பெனியின் இந்த ஆலைகளை நம் மக்கள் பின்னி மில் என்றார்கள்; பி அண்ட் சி மில் என்றார்கள்; சுருக்கமாக மில் என்றே சொன்னார்கள். இங்கு நெய்த காக்கித் துணி நாடெங்கும் படைவீரர் உடலிலும் காவலர் உடலிலும் ஏறியது.

மில்லின் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். நமது பங்கின் மூத்தோர் இன்றும் நினைவுகூர்வது, காலைப் பூசை முதற்சங்கு ஊதுமுன் முடிந்தாக வேண்டும் என்ற எழுதாத சட்டம். சாமியார் பிரசங்கத்தைச் சற்றே நீட்டினால், சங்கொலி கேட்டதும் ஆண்கள் பகுதி மொத்தமாக எழுந்து வாசலை நோக்கி நடக்குமாம். சங்கு தப்பினால் அரைநாள் சம்பளம் தப்பும். பிரசங்கத்தைச் சுருக்கமாகச் சொல்லும் கலையை நமக்கு முன்னிருந்த குருக்கள் குருமடத்தில் கற்றதைவிட மில் சங்கிடம் கற்றதே மிகுதி. இன்று சங்கு இல்லை. ஆகவே நமது பிரசங்கம் நீண்டுவிட்டது என்று சிலர் குறைபடுவதும் நம் காதில் விழாமல் இல்லை.

சம்பள நாளன்று வாயிலில் மனைவியர் காத்திருப்பர், ஈட்டிக்காரனும் காத்திருப்பான். யார் கை முந்தியதோ அதைப் பொறுத்தது அந்த மாதத்து அடுப்பு. இதையெல்லாம் கதையாகக் கேட்டவர்கள் நாம். அனுபவித்தவர்கள் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

1918: ஒரு பஜனைச் சபையிலிருந்து பிறந்த சங்கம்

பெரம்பூர் இந்தியாவுக்குக் கொடுத்த பெருங்கொடை எது என்று கேட்டால், ரயில் பெட்டி என்று பலர் சொல்வர். அதற்கு முன்பே கொடுத்த ஒன்று உண்டு. இந்நாட்டில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம், 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் இங்கேதான் பிறந்தது.

அது பிறந்த விதம் கோயிலுக்கு வருவோராகிய நாம் கேட்டறிய வேண்டியது. செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு என்ற இருவர் இப்பகுதியில் சமயச் சொற்பொழிவுக்கென ஒரு சபை நடத்தி வந்தனர். மில் தொழிலாளர் மாலையில் அங்கு வந்து அமர்வர். பக்திக் கதை கேட்க வந்தவர்கள், கதை முடிந்ததும் தங்கள் கதையைச் சொல்லத் தொடங்கினர். அடி, அபராதம், மேஸ்திரியின் வசை, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டிய மதியச் சோறு. அந்நாளில் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் அனுமதித்த வேலை நாள் 12 மணி நேரம். மதிய உணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது அவர்கள் முதலில் வாய்விட்டுச் சொன்ன குறைகளுள் ஒன்று. புரட்சி வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. உட்கார்ந்து உண்ண இன்னும் சில நிமிடம் வேண்டும் என்றார்கள்.

சபை நடத்தியவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். பி. பி. வாடியா என்ற பார்சிப் பெரியவரிடம் சென்று முறையிட்டு, அவரைத் தலைவராக்கிச் சங்கம் அமைத்தார்கள். திரு. வி. கலியாணசுந்தரனார் உடன் நின்று, தொழிலாளிக்குப் புரியும் செந்தமிழில் மேடைதோறும் பேசினார். பேச்சைக் கேட்ட மக்கள் சந்தா கட்டினர். கம்பெனி வழக்குத் தொடர்ந்தது. 1920-இல் உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. வாடியா விலக நேர்ந்தது. தொழிலாளர் கூடிச் சங்கம் அமைப்பது குற்றமா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. அதற்கு விடையாக 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இன்று எந்த ஊரிலாவது ஒரு தொழிலாளி அச்சமின்றிச் சங்கச் சந்தா கட்டுகிறார் என்றால், அதில் பெரம்பூர்த் தெருக்களின் வியர்வையும் உண்டு.

திருச்சபையும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர், தொழிலாளர் ஒன்றுசேர்ந்து சங்கம் அமைப்பது அவர்களின் இயற்கை உரிமை என்று உலகுக்கு அறிவித்தார். அப்போது நம் மில்களுக்கு வயது பத்துப் பதினைந்து. சென்னைத் தொழிலாளர் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராக விளங்கி, 1941-இல் மாநகர மேயரான வி. சக்கரை செட்டியார், இறையியல் நூல் எழுதிய கிறிஸ்தவர். இந்தியாவின் முதல் மே தின விழாவை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தச் சென்னையிலேதான்.

1921: ஊர் இரண்டான கதை

நல்ல செய்தியை மட்டும் சொல்லி மலரை மூடிவிடலாம். அது பொன்விழாவுக்குப் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் உண்மைக்குப் பொருத்தமாக இராது.

1921-ஆம் ஆண்டு மில்லில் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. மாதக் கணக்கில் நீடித்தது. அடுப்பெரியாத வீடுகளில் பொறுமை குறைந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்பினர். ஏன் திரும்பினர்? மற்றவருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமோ உறவோ இருந்தது. கடன் கொடுக்க ஆளிருந்தது. இவர்களுக்கு மில் கூலியை விட்டால் வேறொன்றும் இல்லை. அதுமட்டுமன்று. சங்கக் கூட்டத்தில் தோழர் என்று அழைத்தவர்கள், கூட்டம் முடிந்து தெருவுக்கு வந்ததும் தங்களைத் தள்ளி நிற்கச் சொன்னதை அவர்கள் மறந்திருக்க முடியுமா?

இடையில் புகுந்து தூண்டிவிட்டோரும் இருந்தனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கல்வீச்சு நடந்தது. காவலரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. 1918-இல் கம்பெனியால் உடைக்க முடியாத சங்கம் 1921-இல் உடைந்தது. அதை உடைத்தது வெளியே இருந்த முதலாளியின் பலம் மட்டுமன்று. உள்ளே இருந்த சாதி. சோற்று நேரத்துக்காக ஒன்றாக நின்றவர்கள், ஒன்றாக உட்கார்ந்து உண்ணப் பழகவில்லை. அந்தப் பிளவின் விலையைத்தான் ஊர் கொடுத்தது.

அந்த இரு தரப்பாரின் கொள்ளுப்பேரர்களும் இன்று இதே கோயிலில் ஒரே நற்கருணை வரிசையில் நிற்கிறார்கள். இதற்காக நாம் ஆண்டவருக்கு நன்றி செலுத்துகிறோம். ஆனால் வரிசை கலைந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன என்ற கேள்வியை 1921 நம்மிடம் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

புதிய இந்தியாவின் பட்டறை

நாடு விடுதலை பெற்ற பின் பெரம்பூருக்கு இரண்டாம் வாழ்வு வந்தது. 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, பிரதமர் நேரு ஐ.சி.எஃப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியுடன், ஆண்டுக்கு 350 பெட்டிக் கூடுகள் செய்வதென்று திட்டம். அதுவரை மரத்தாலான பெட்டிகள் விபத்தில் ஒன்றினுள் ஒன்று புகுந்து நொறுங்கும். உள்ளிருப்போர் கதி சொல்ல வேண்டியதில்லை. இங்கே செய்தவை முழுவதும் எஃகால் பற்றவைத்த, ஒன்றினுள் ஒன்று புகாத பெட்டிகள். 1962-இல் உள்ளே இருக்கை, விளக்கு, விசிறி முதலியன பொருத்தும் பிரிவும் வந்தது. இதுவரை செய்த பெட்டிகள் 50,000-க்கும் மேல். கல்கத்தாவில் 1984-இல் ஓடத் தொடங்கிய நாட்டின் முதல் சுரங்க ரயிலின் பெட்டிகளும் நம் ஊரார் கைவேலையே.

ஐ.சி.எஃப். தொடங்கிய அதே 1955-இல்தான், மே 1-ஆம் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளை ஏற்படுத்தினார். தச்சுத் தொழிலாளியான ஒருவர், இயேசுவை வளர்த்தவர், பாதுகாவலராக நிறுத்தப்பட்ட ஆண்டில், நமது ஊரில் பற்றவைப்போரும் கடைசல்காரரும் தச்சரும் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தனர். இதை நாம் ஆண்டுதோறும் மே முதல் நாள் திருப்பலியில் நினைவூட்டுவதுண்டு. ஸ்பேனரையும் சுத்தியலையும் பீடத்தின்முன் வைத்து மந்திரிக்கும் வழக்கத்தை, இங்கு ஓய்வுபெற்ற ஐ.சி.எஃப். தொழிலாளர்கள் இன்றும் விடாமல் காத்து வருகிறார்கள்.

அந்தப் பக்கம் செம்பியத்தில் சிம்சன் கம்பெனியின் டீசல் என்ஜின்கள் உருவாயின. இந்தப் பக்கம் அயனாவரத்தில் ரயில்வே மருத்துவமனை. 1975-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சையை மறைந்த டாக்டர் கே. எம். செரியன் செய்தது இந்த மருத்துவமனையில்தான். பெரிய பணக்காரரின் மாளிகை மருத்துவமனை அன்று; ரயில்வேத் தொழிலாளியின் குடும்பம் மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும் இடம்.

ஊரின் குணம்

தொழில் அழைத்தது, மக்கள் வந்தனர். செங்கற்பட்டு, வடாற்காடு மாவட்டங்களிலிருந்து உழவர்கள் வந்தனர். ஆந்திரத்துத் தெலுங்கர் வந்தனர். கேரளத்தார் ரயில்வேயிலும் ஐ.சி.எஃபிலும் சேர்ந்தனர். ஜமாலியாவில் முஸ்லிம் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் இழந்து திரும்பிய தமிழர் வியாசர்பாடியில் குடியமர்ந்தனர். அவர்கள் கொண்டுவந்த அத்தோவும் மொய்ங்காவும் இன்று நம் பிள்ளைகளுக்கு மாலைத் தின்பண்டம்.

ஆங்கிலோ இந்தியச் சகோதரர்களை மறக்கலாகாது. என்ஜின் ஓட்டியவர்களும் கார்டுகளும் போர்மன்களும் அவர்களில் மிகுதி. கிறிஸ்துமஸ் இரவில் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் பியானோ ஒலிக்கும். மறுநாள் காலை அதே குடும்பங்கள் கோயிலில் பாடற்குழுவில் நிற்கும். 1947-க்குப் பின் ஒவ்வொரு குடும்பமாக இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினர். போகும்போது ஆர்மோனியத்தையும் பூந்தொட்டியையும் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த ஆர்மோனியங்களில் ஒன்று இன்றும் நமது பாடற்குழுவில் இருக்கிறது. அதன் இரண்டு கட்டைகள் ஒலிப்பதில்லை; ஆயினும் அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

பிப்ரவரி 11-ஆம் நாள் லூர்து அன்னைத் திருத்தலத்துக்குச் செல்லும் கூட்டத்தைப் பாருங்கள். யார் கிறிஸ்தவர், யார் இந்து, யார் எந்த மொழியார் என்று மெழுகுவர்த்தி கேட்பதில்லை. அடுக்கடுக்காய் வந்தவர்கள் ஒருவரோடொருவர் இடித்துக்கொண்டு, ஏசிக்கொண்டு, பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு வாழ்ந்த ஊர் இது. பெரம்பூரான் வாய் சற்றே கரடுமுரடு. கை உதவிக்கு முந்தும். இதுவே இவ்வூரின் குணமென்று நாம் கண்டோம்.

சங்கு நின்றபின்

1996-இல் மில் மூடப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஊதிய சங்கு ஓய்ந்தது. நாற்பது வயதில், வேறு தொழில் தெரியாத நெசவாளி என்ன செய்வான்? சிலர் காவற்காரர் ஆனார்கள். சிலர் ஆட்டோ ஓட்டினார்கள். சிலர் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்துவிட்டார்கள். பல வீடுகளைப் பெண்களின் தையல் இயந்திரமும் இட்லிச் சட்டியும் காப்பாற்றின. வெறுமையான மில் கட்டடங்களில் சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள். பின்னர் அந்நிலத்தில் வானளாவும் அடுக்குமாடிகள் எழுந்தன.

ஐ.சி.எஃப். நிற்கவில்லை. பழைய வகைப் பெட்டியின் கடைசி ஒன்று 2018 ஜனவரியில் வெளியேறியது. அதே ஆண்டில் வந்தே பாரத் ரயிலின் முதல் தொடர் இங்கு உருவாகி, 2019 பிப்ரவரியில் டில்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. பெருமைதான். ஆனால் தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று ஒரே வாயிலில் அட்டை பதித்த காலம் போய்விட்டது. நம் இளைஞர்கள் காலையில் நகரின் தென்கோடிக் கணினி அலுவலகங்களுக்குச் சென்று இரவில் திரும்புகிறார்கள். உறங்க மட்டும் ஊர் என்றாகிவிட்டது. அடுக்குமாடியின் வாயிலில் காவலர், உள்ளே லிப்ட், கதவுக்குக் கண்ணாடித் துளை. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. மில் காலத்தில் பக்கத்து வீட்டார் பெயர் மட்டுமா தெரியும்? அவர்கள் வீட்டு அடகுச் சீட்டின் வட்டியும் தெரியும்!

மதிற்சுவர்

இப்போது நாம் தொடக்கத்தில் சொன்ன செய்திக்கு வருகிறோம்.

பொன்விழா நினைவாகக் கோயில் வளாகத்தைச் சுற்றி உயர்ந்த மதிற்சுவர் எழுப்ப வேண்டும், பின்சந்துக்குத் திறக்கும் சிறிய வாசலை நிரந்தரமாக அடைத்துவிட வேண்டும் என்பது பேரவைமுன் உள்ள கோரிக்கை. கேட்போரின் காரணங்கள் பொய்யல்ல. காணிக்கைப் பெட்டி இருமுறை உடைக்கப்பட்டது. இரவில் சிலர் மைதானத்தில் குடித்துவிட்டுப் புட்டிகளை உடைத்துப் போட்டனர். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பெண்பிள்ளைகளைக் கேலி செய்தனர். ஒரு தாய் அழுதுகொண்டே நம்மிடம் வந்து முறையிட்டார். இவற்றை லேசாகக் கருதுவோர் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆயினும் அதே வாசலைப் பற்றி நாம் மற்றொன்றும் சொல்ல வேண்டும். இதுவரை பொதுவில் சொன்னதில்லை.

2023 டிசம்பர் 3-ஆம் நாள் இரவு, மிக்ஜாம் புயலின் மழை. ஓட்டேரி நல்லா நிரம்பி வழிய, பின்சந்தில் முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று தண்ணீர் ஏறிற்று. நமது மைதானமும் மண்டபமும் மேட்டில் இருப்பவை. சந்து மக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அந்தச் சிறு வாசலுக்கு வந்தார்கள். வாசல் பூட்டியிருந்தது. திருட்டு நடந்த வாரத்திலிருந்து அதைப் பூட்டச் சொன்னவர் வேறு யாரும் அல்லர், நாமே. சாவி நமது மேசை இழுப்பறையில் இருந்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை, மழையிரைச்சலில் தட்டும் ஓசை மாடிக்கு எட்டவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எதேச்சையாகச் சன்னலைத் திறந்தபோதுதான் கண்டோம். உயிர்ச்சேதம் ஏதுமில்லை, இறைவனின் இரக்கம். ஆனால் பல மணி நேரம் அவர்கள் அங்கே நின்றிருந்தார்கள்.

மறுநாள் மண்டபத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தோம். மில் தொழிலாளி ஒருவரின் விதவை, எழுபது வயதைக் கடந்தவர், நம் பங்கைச் சேர்ந்தவரும் அல்லர், கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சொன்னார்: “சாமி, நீங்க மணி அடிச்சா நாங்க தெனமும் எந்திரிக்கிறோம். நாங்க தட்டினா உங்களுக்குக் கேக்கலையே.” கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. கஞ்சிக்கு உப்புக் கேட்பதுபோல் சொல்லிவிட்டு நகர்ந்தார். இறையியலில் நாம் எழுதிய தேர்வுகளில் இதற்கு விடை இல்லை.

1918-இல் ஒரு சமயச் சபையினர் வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். உள்ளே வந்தவரின் குறையைக் காதில் வாங்கினார்கள். நாட்டின் சட்டமே மாறிற்று. 1921-இல் நம்மவர் ஒருவருக்கொருவர் வாசலைச் சாத்திக்கொண்டார்கள், ஊர் எரிந்தது. இரண்டும் நமது ஊரின் வரலாறே. எதைத் தொடரப்போகிறோம் என்பதைத்தான் ஞாயிற்றுக்கிழமை தீர்மானிக்க வேண்டும்.

நமது கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பாதுகாப்பு வேண்டும், அதை மறுக்கவில்லை. சக்கிரீஸ்தும் அலுவலகமும் நன்கு பூட்டப்படட்டும். மைதானத்தில் இரவு முழுவதும் எரியும் விளக்குகள் வேண்டும். மதிற்சுவருக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு சம்பளத்துக்குக் காவலர் ஒருவரை அமர்த்துவோம். மறைக்கல்வி நேரத்தில் பெற்றோரில் இருவர் முறைவைத்து வளாகத்தில் இருக்கட்டும். ஆனால் பின்வாசல் அடைபடக் கூடாது. காலை முதல் இரவு ஒன்பது மணி வரை அது திறந்திருக்கட்டும். சந்துப் பிள்ளைகள் இதுவரை ஆடியதுபோல் ஆடட்டும். இரவில் பூட்டினாலும் சாவி ஒன்று நம்மிடமும், ஒன்று பேரவைச் செயலரிடமும், மூன்றாவது சந்தில் வாழும் ஒருவரிடமும் இருக்கட்டும். அந்த மூன்றாவது சாவியை யாரிடம் கொடுப்பது என்று கேட்டால், மேலே சொன்ன தாயாரிடம் கொடுக்கலாம் என்பது நமது எண்ணம். பங்குத் தந்தையின் கட்டளையாக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கூடிப் பேசுங்கள். மாற்றுக் கருத்துள்ளோர் அஞ்சாமல் சொல்லுங்கள். கூடிப் பேசுவதைக் கற்றுத் தந்த ஊரல்லவா இது?

இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து நூற்றாண்டு மலர் வெளிவரும். அன்று நம்மில் பெரும்பாலோர் இரோம். அந்த மலரில் யாரோ ஒரு பங்குத் தந்தை நம் காலத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவார். பொன்விழாவில் மதில் கட்டினார்கள் என்று எழுதுவாரா, மூன்று சாவி செய்தார்கள் என்று எழுதுவாரா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

இவ்வூரில் உழைத்து மறைந்த எல்லாத் தொழிலாளர்களுக்கும், சங்குக்கு ஓடியவர்களுக்கும், சங்கத்துக்காகச் சிறை சென்றவர்களுக்கும், புளியந்தோப்பில் வீடிழந்தவர்களுக்கும், மில் மூடியபின் மனமொடிந்தவர்களுக்கும் ஆண்டவர் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள்வாராக. நம் அனைவருக்கும் கேட்கும் காதைத் தந்தருள்வாராக.